கிளினிக்குக்கு முதல் நாள்

எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் கிளினிக்குக்கு முதல் நாள் யாரும் சாப்பிடுவதில்லை. இரத்தம் எடுக்கிற நாளில் வெறும் வயிற்றோடு வா என்பதுதான் ஆஸ்பத்திரி முறை. அது ஓர் இரவுக்கான ஏற்பாடு. எங்கள் ஆட்கள் அதைத் தம் வசதிக்குத் திருத்திக்கொண்டார்கள். மாதம் முழுவதும் ரொட்டியும் சோறும் சீனி போட்ட தேத்தண்ணியும். கிளினிக் நெருங்கியதும் பாகற்காய், வெறும் தேத்தண்ணி, பிறகு அதுவும் இல்லை. சுகமாவதற்காக அல்ல, டாக்டரிடம் ஏச்சு வாங்காமல் தப்புவதற்காக. பட்டினி கிடந்து நல்ல கணக்கு ஒன்றைக் காட்டிவிட்டு, வெளியே வந்ததும் முதல் கடையில் வடையும் இனிப்புத் தேத்தண்ணியும் வாங்குவார்கள். டாக்டருக்கும் தெரியும், தாதி மிஸ்மாருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிந்த பொய் என்பதால் அது பொய்யாக எண்ணப்படுவதில்லை.

நான் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வு என்பது சொல்லளவில்தான். எந்த ஜன்னலில் நம்பர் துண்டு எடுக்க வேண்டும், எந்த மிஸ்ஸிடம் எந்த நேரத்தில் பேசக் கூடாது, சாப்பாட்டு மணிக்கு முன் மருந்து எடுக்க எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்பதெல்லாம் தெரிந்த ஆள் என்று பெயர் எடுத்துவிட்டதால், கிளினிக் நாளில் நான் தங்கச்சிக்குத் துணை.

தங்கச்சி எனக்கு நேர் இளையவள். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் புள்ளக்காம்பராவில் வேலை செய்தாள். கல்யாணம் கட்டவில்லை. ஊரார் பிள்ளைகளைத் தொட்டிலாட்டியே அலுத்துவிட்டது என்பாள். என்னோடும் என் மனைவியோடும்தான் இருக்கிறாள்.

அவளுக்குச் சீனி வருத்தம் என்று சொன்னபோது வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தோட்டத்தில் பாதிப் பேருக்கு அது இருக்கிறது. எல்லாருக்கும் கொடுக்கிற குளிசையையே அவளுக்கும் கொடுத்தார்கள். மற்றவர்களுக்குக் கிளினிக் நாளிலாவது சீனி இறங்கியது. இவளுக்கு இறங்கவில்லை. எல்லாரையும்விட நேர்மையாகப் பட்டினி கிடந்தவளுக்குத்தான் கணக்கு ஏறியே நின்றது. பட்டினி கிடந்தும் இறங்காத சீனிக்கு எங்கள் ஊரில் ஒரே விளக்கம்தான் உண்டு. கள்ளச் சாப்பாடு.

மாதாமாதம் ஏச்சு. ஏசியவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அவர்களிடம் தினமும் நூறு பேர் பொய் சொல்கிறார்கள், நூற்றோராவது ஆள் உண்மை சொன்னால் எப்படித் தெரியும்? வீட்டிலும் அதே கதைதான். என் மனைவி சீனி டப்பாவை அலுமாரியில் வைத்துப் பூட்டித் திறப்பை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"நான் யாரையும் ஒன்னும் சொல்லல. டப்பா தானா கொறையுது, அவ்வளவுதான்."

"எறும்பப் புடிச்சுக் கேளுங்க அண்ணி," என்றாள் தங்கச்சி.

அவள் மெலிந்துகொண்டே போனாள். வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. கள்ளத்தனமாகத் தின்கிறவள் ஏன் மெலிகிறாள் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒருவரைப் பற்றி முடிவு கட்டிவிட்ட பிறகு நாம் கண்ணைத் திறந்து வைத்திருப்பது பழக்கத்தால்தான்.

பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தவர் வயது குறைந்த ஒரு சிங்கள டாக்டர். கிளினிக் கொப்பியைப் பார்ப்பதற்கு முன் ஆளைப் பார்த்தார். அதுவே முறைக்கு மாறானது. இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார். முடிவு வர அடுத்த கிளினிக் ஆயிற்று. வந்ததும் எங்களை உட்காரவைத்து விளக்கினார். சந்தைச் சிங்களம் தங்கச்சிக்கும் என் மனைவிக்கும் என்னைவிட நன்றாக வரும். ஆனால் டாக்டரோடு பேசுவது என் வேலை என்பது வீட்டில் எழுதாத சட்டம். அவர் பாதி இங்கிலீசில் வேறு பேசினார்.

உடம்பைக் காக்க வெண்குருதிக் கலங்கள் என்று ஒரு படை இருக்கிறது. அதில் டி கலங்கள், டாக்டரின் இங்கிலீசில் டி செல், என்று ஒரு பிரிவு. கிருமி புகுந்த கலங்களைத் தேடிப் போய் அழிப்பவை அவைதான். தன் ஆள் யார், பிறத்தி ஆள் யார் என்று அவற்றுக்குப் பழக்கிக்கொடுக்க நெஞ்சுக்குள் ஒரு சுரப்பி உண்டு. பழகாதவை அங்கேயே கழிக்கப்பட வேண்டும். சில தப்பி வெளியே வந்துவிடும். வந்தாலும் அவற்றை அடக்கிவைக்க வேறு கலங்கள் இருக்கின்றன. அவையும் தவறும்போது, வயிற்றுக்குப் பின்னால் கிடக்கும் கணையம் என்கிற சதையியில் இன்சுலின் சுரக்கிற கலங்களை அந்த டி கலங்கள் எதிரி என்று எண்ணிக் கொன்றுபோடும். சிறுபிள்ளைகளுக்கு இது வேகமாக நடக்கும். பெரியவர்கள் சிலருக்கு வருடக்கணக்கில் மெதுவாக நடக்கும். அதனால் சாதாரண சீனி வருத்தம் என்று எண்ணி ஏமாந்துவிடுவதுண்டு. தங்கச்சியின் இரத்தத்தில் கொழும்புச் சோதனை கண்டவை பிறபொருளெதிரிகள், இங்கிலீசில் அன்டிபொடி. அவை அடித்த ஆட்களல்ல, அங்கே அடிதடி நடந்ததற்கு அடையாளம்.

இதை அவளுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துவிட்டு, நம் தோட்டத்து வாச்சர்மாரை நினைத்துக்கொள் என்றேன். கொழுந்து திருடுகிறவனைப் பிடிக்கத்தான் அவர்களை வைத்திருக்கிறது. புதிதாய் வந்தவனுக்கு ஆள் தெரியாது, கங்காணியும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவன் மலையில் கொழுந்தெடுக்கிற நம் ஆட்களையே திருடர் என்று அடித்து விரட்டுகிறான். மலையில் ஆள் இல்லாமல் போனால் கொழுந்து எங்கிருந்து வரும்?

"அந்த வாச்சர நிப்பாட்ட ஏலாதா?"

நான் டாக்டரிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. மொத்தமாக நிறுத்தினால் சாதாரணத் தடிமன், காய்ச்சல் வந்தாலே ஆள் தாங்காது, தவறியவற்றை மட்டும் பொறுக்கி நிறுத்த இன்னும் ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறார்கள் என்றார்.

"தொரமாரும் இதத்தான் சொல்லுவாங்க," என்றாள் அவள். "வாச்சர் இல்லாட்டி தோட்டம் ஓடாதுன்னு."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். கொடகவெல டவுனைத் தாண்டிய பிறகு, என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"அப்ப நான் திருட்டுத்தனமாத் திங்கலன்னு அந்த ரத்தத்துலயே இருக்கா அண்ணே?"

"இருக்கு."

"அண்ணிகிட்ட நீங்களே சொல்லிருங்க."

சொன்னேன். என் மனைவி அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். உடம்பு தன்னைத்தானே தின்னுமா, நல்ல கதை என்றாள். திறப்பு முந்தானையிலேயே இருந்தது.

குளிசை நின்று இன்சுலின் ஊசி வந்தது. கிளினிக் மிஸ் பழக்கிக்கொடுத்தார். சாப்பாட்டுக்கு அரை மணி முன் போட வேண்டும், போட்டால் கட்டாயம் சாப்பிட வேண்டும். தங்கச்சி கையோடு கற்றுக்கொண்டாள். ஊசியைக் கண்டால் முகத்தைத் திருப்புகிற நான், மருந்து கெடாமல் கொண்டுவரும் ஐஸ்பெட்டியைத் தூக்குவதோடு நிறுத்திக்கொண்டேன். சில மாதத்தில் கன்னத்தில் சதை பிடித்தது. வளையல் மணிக்கட்டுக்கு வந்து நின்றது.

ஆனால் அவளுக்கு ஜெயிக்க வேண்டிய வழக்கு ஒன்று இருந்தது. கொழும்பு இரத்தச் சோதனையை அண்ணி நம்பவில்லை. கொப்பியில் எழுதுகிற கணக்கை நம்புவாள், அதைத்தான் தோட்டமே நம்புகிறது. ஆகவே ஒரு கிளினிக்குக்கு முன், வழக்கமான பட்டினியை அவள் ஒரு நாள் முன்னதாகவே தொடங்கினாள். ஊசி போட்டால் சாப்பிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். சாப்பிடாவிட்டால் ஊசி வேண்டாம் என்று அவள் அதைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். கணக்குப் பார்த்தால் சரிபோலத்தான் இருக்கிறது. அறைக்குள் தனியாகப் போடுகிற ஊசி, போடாதது யாருக்குத் தெரியும்?

கிளினிக் நாள் விடிந்தபோது அவளால் எழும்ப முடியவில்லை. இரவெல்லாம் சத்தி, குடித்ததெல்லாம் வெளியே வந்தது. தண்ணீரைக் குடம் குடமாய்க் கேட்டாள். மூச்சு, மேட்டில் ஏறி வந்தவளைப் போல ஆழமாய் இழுத்தது. வாயில் அழுகிய பழ வாசம். என் மனைவி முகர்ந்து பார்த்துவிட்டு, கடையில் எதையோ வாங்கித் தின்றிருக்கிறாள் என்றாள். நான் த்ரீவீல்காரனைக் கூப்பிட்டேன். தேயிலையைத் தாண்டி றப்பர் மலைக்குள் போகிற எங்கள் பாதை ஆரோக்கியமானவனையே குலுக்கிக் கொல்லும். அவள் தலை என் மனைவியின் மடியில் கிடந்தது. கால் என் மடியில். இவள் பிழைக்க வேண்டும் என்பதைத் தவிர நினைக்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. அது எனக்குத் தெரிந்த ஆஸ்பத்திரி முறைகள் எதற்கும் உட்பட்ட காரியமாகவும் இல்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் கையில் சேலைன் ஏற்றினார்கள். இன்சுலினும் அதோடு ஏறியது. விரல் நுனியில் குத்திப் பார்த்த மெசினில் கணக்கே வரவில்லை. அதன் எல்லைக்கு மேல் போய்விட்டது என்றார்கள். சாயந்தரம் அதே டாக்டர் வந்து கடைசியாக எப்போது சாப்பிட்டாள் என்று கேட்டார். தங்கச்சி கண்ணைத் திறக்காமல் சொன்னாள்.

"முந்தாநாத்து காலைல."

என் மனைவி என்னை இடித்தாள். "சாப்புடாம இவ்வளவு சீனி எப்புடி ஏறும்? கேளுங்க."

அந்த இடத்தில் அதைக் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன். டாக்டர் எனக்குப் பதில் சொல்லவில்லை. என் மனைவியின் பக்கம் திரும்பி, அவளுக்கு விளங்குகிற சிங்களத்தில், மெதுவாகச் சொன்னார். இன்சுலின் இல்லாவிட்டால் இரத்தத்தில் உள்ள சீனி உடம்புக்குள் போகாது. உடம்பு பட்டினி என்று எண்ணிக்கொள்ளும். ஈரல் தன்னிடம் இருக்கிற சீனியையும் கொட்டும். கொழுப்பு எரிந்து இரத்தம் புளித்துப்போகும். அந்தப் பழ வாசம் அதுதான். சாப்பிடாமலே ஏறும்.

பிறகு கட்டிலைக் காட்டி, "மே அம்மா பொரு கியன்னே நே" என்றார். இந்த அம்மா பொய் சொல்லவில்லை.

மொழிபெயர்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை. தங்கச்சியின் மூடிய கண் ஓரத்தில் நீர் கசிந்தது. என் மனைவி கட்டில் விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டாள். அது நீவ வேண்டிய அளவுக்குச் சுருங்கியும் இருக்கவில்லை.

வீட்டுக்கு விடும்போது மருந்தை மாற்றினார்கள். இப்போது இரண்டு விதமான ஊசி. ஒன்று சாப்பாட்டுக்கு, மற்றது உயிரோடு இருப்பதற்கு. முதலாவதைப் போட்டதும் சாப்பிடலாம், சாப்பிடாத வேளையில் விடலாம். இரண்டாவதை, வானமே இடிந்து விழுந்தாலும் விடக் கூடாது. மிஸ் இன்னொன்றும் சொன்னார். ஊசி கூடிப்போய்ச் சீனி இறங்கினாலும் ஆபத்து. வியர்த்து, கை நடுங்கினால் உடனே வாயில் சீனி போட வேண்டும். இரவில் கைக்கு எட்டும் தூரத்தில் சீனி இருக்க வேண்டும். வீட்டில் சீனி இருக்கிறதா என்று மிஸ் என் மனைவியைக் கேட்டார்.

"இருக்கு மிஸ்," என்றாள் அவள். தலை நிமிரவில்லை.

அன்று இரவு டப்பா தங்கச்சியின் தலைமாட்டில் இருந்தது. யார் வைத்தது என்று யாரும் கேட்கவில்லை. முந்தானையில் திறப்பு இல்லை என்பதை நான் இரண்டு நாள் கழித்துத்தான் கவனித்தேன்.

அடுத்த கிளினிக்குக்கு முதல் நாள், லயத்து வீடுகளில் வழக்கம்போல அடுப்புகள் அணைந்து கிடந்தன. எங்கள் வீட்டில் மட்டும் இரவுச் சோறு. தங்கச்சி ஊசி போட்டுவிட்டு, அண்ணிக்கு முன்னால் உட்கார்ந்து, அவசரமில்லாமல் சாப்பிட்டாள். காலையில் என் மனைவி ரொட்டியும் சம்பலும் கட்டிக் கொடுத்தாள், இரத்தம் எடுத்த பிறகு சாப்பிட. பொதிக்குள் சீனி மடித்த சிறு கடதாசி ஒன்றும் இருந்தது.

ஆஸ்பத்திரி வாங்கில் வரிசையாக உட்கார்ந்தோம். இரத்தம் கொடுத்துவிட்டு வந்து தங்கச்சி பொதியைப் பிரித்தாள். சட்டையை ஒதுக்கி வயிற்றில் ஊசியைப் போட்டுக்கொண்டாள். பக்கத்தில் காய்ந்த உதட்டோடு உட்கார்ந்திருந்த அடுத்த தோட்டத்துப் பொம்பளை அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நேத்து ராவைக்கும் சாப்புட்டியா தங்கச்சி? மூஞ்சியில தெரியுது. உள்ளுக்குப் போனா இருக்கு ஒனக்கு ஏச்சு."

"ஏசட்டும் அக்கா. பட்டினி கெடந்து நல்ல பேரு வாங்குனது போதும்."

கணக்கு நன்றாக இல்லை. கொஞ்சம் கூடத்தான் இருந்தது. டாக்டர் ஏசவில்லை, அளவை மட்டும் மாற்றி எழுதினார். அடுத்த கிளினிக்குக்கு நாள் போட்டுக் கொடுத்தார்கள். பிறகு மருந்து வரிசை, பஸ் தரிப்பு, நெரிசல். அவளுடைய டி கலங்களுக்கு ஓய்வு பெறும் வயது கிடையாது. அதனால் எனக்கும் கிடையாது. பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் ஐஸ்பெட்டியை மடியில் பிடித்துக்கொண்டு, வெயில் படாத பக்கமாகத் திருப்பி வைத்தேன்.