இடது தோளால் மட்டும்

டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில், பந்தைக் கையில் ஏந்தி மோதி ஆடும் அமெரிக்கக் காற்பந்துக் கழகம் என்னைச் சேர்த்துக்கொண்டது என் உடம்பைப் பார்த்துத்தான். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இத்தாலியில் கோப்பை கழுவி, சுவிஸில் பிடிபட்டு, கடைசியில் அக்கா வீட்டில் வந்து விழுந்திருந்தேன். பண்டகசாலையில் என்னோடு பெட்டி அடுக்கிய டேனிஷ்காரன் ஒருவன், "உன்னை விழுத்த ஒரு லொறி வேணும். பின்னேரம் மைதானத்துக்கு வா" என்றான். போனேன். தலைக்கவசம் மாட்டி, தற்காப்பு முன்வரிசையின் நடுவில் நிறுத்தினார்கள்.

அந்த இடத்து வேலை எளிது. பந்தோடு ஓடுபவனுக்கு வழி செய்ய, எதிரணியின் தடியர்கள் இருவர் என்மேல் பாய்வார்கள். இருவரையும் என்மேல் வாங்கிக்கொண்டு நான் கிடக்க வேண்டும். அப்போது எனக்குப் பின்னால் நிற்கும் எங்கள் அணியின் இரண்டாம் வரிசைக்காரனை, லைன்பேக்கரைத் தடுக்க ஆள் இருக்காது. அவன் ஓடிவந்து பந்துக்காரனை அடித்து விழுத்துவான். ஒலிபெருக்கியில் அவன் பெயரைச் சொல்வார்கள். என் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. சொல்ல முயன்றாலும் அவர்கள் வாயில் அது வந்திராது.

அக்காவின் கணவர் முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர். "டேய் மச்சான், மிதிபடுறதுக்குச் சந்தா வேற கட்டுறியே? என்னட்டைக் கேட்டிருந்தா நான் சும்மா மிதிச்சிருப்பன்" என்பார். உண்மைதான். எங்கள் கழகத்தில் வெளியிலிருந்து கூப்பிடும் அமெரிக்கனைத் தவிர யாருக்கும் சம்பளம் இல்லை.

அந்த வசந்தத்தில் வந்த அமெரிக்கன்தான் என் லைன்பேக்கர். முப்பதை நெருங்கியவன். தன் நாட்டில் ஒரு தொழில்முறை அணி அவனைப் பயிற்சிக்கு மட்டும் வைத்திருந்து, பருவம் தொடங்கும் முன் நிறுத்திவிட்டது. பிறகு போலந்து, பிறகு ஜெர்மனி. ஒவ்வோர் இடத்திலும் மைதானம் சிறுத்துக்கொண்டே வந்தது. எங்களுடையதில் பார்க்க வருபவர்கள் வீட்டிலிருந்து மடக்கு நாற்காலி கொண்டுவருவார்கள். கனடாவில் ஓர் அணி, இந்தப் பருவத்துக் காணொளியை அனுப்பு, பிடித்தால் பயிற்சி முகாமுக்குக் கூப்பிடுகிறோம் என்று அவனிடம் சொல்லியிருந்தது. அந்தக் காணொளிக்காகத்தான் டென்மார்க் வந்தான். கனடாவும் கூப்பிடாவிட்டால் அவனுக்கு விளையாட்டு முடிந்தது.

மூன்றாவது ஆட்டம் முடிந்து உடை மாற்றும் அறையில் அவன் சப்பாத்து நாடாவை அவிழ்க்க முடியாமல் இருந்தான். மற்றவர்கள் குளிக்கப் போனபின் என்னிடம் சொன்னான்.

"கழுத்திலை நரம்பு இழுக்குது. வலது தோளாலை அடிச்சா கை செத்துப் போகுது. பிறகு வரும். ஆனா ஒவ்வொரு முறையும் பிந்தி வருது."

"டொக்டரிட்டைக் காட்டு. இஞ்சை காசு கட்டத் தேவையில்லை."

"டொக்டரிட்டைப் போனவனை அடுத்த நாள் ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது" என்றான். பிறகு வாங்குப் பலகையில் தண்ணீர்ப் போத்தல்களை ஆட்களாக நிறுத்திக் காட்டினான். "நீ விழேக்கை என்ரை வலப்பக்கம் விழு. அந்த ரெண்டு பேரையும் இழுத்துக்கொண்டு விழு. அந்த வழி அடைபட்டா பந்துக்காரன் இடப்பக்கம்தான் வருவான். இடது தோள் எனக்கு நல்லாத்தான் இருக்கு."

"எனக்கு என்ன நடக்கும்?"

"உனக்கு நோகும்."

நோகாது என்று அவன் சொல்லவில்லை. அதனால் ஒப்புக்கொண்டேன்.

நொந்தது. உடம்பைக் குறுக்கே எறிந்து விழுவதென்றால் விலா திறந்து கிடக்கும். தடியர்கள் முழங்காலோடுதான் அதில் இறங்குவார்கள். திங்கட்கிழமைகளில் பெட்டி தூக்கும்போது மூச்சை இழுக்காமல் தூக்கப் பழகினேன். அத்தான் எனக்குத் துணி சுற்றிவிட்டபடி, "எங்கடை இல்லத்திலை தொண்ணூறு வயசுக்காரரும் உன்னைவிட வடிவா எழும்புவினம்" என்றார்.

ஆனால் வேலை நடந்தது. அமெரிக்கன் ஒவ்வோர் ஆட்டத்திலும் இடது தோளால் ஆட்களை விழுத்தினான். இரவு உட்கார்ந்து தன் நல்ல அடிகளை வெட்டி ஒட்டினான்.

இந்த ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வோர் அணியும் தன் ஆட்டத்தின் காணொளியை அடுத்த எதிரணி பார்ப்பதற்காகப் பொதுவில் ஏற்ற வேண்டும். அவன் எதிலிருந்து தன் அடிகளை வெட்டினானோ அதே முழுக் காணொளியை, அடுத்து எங்களோடு ஆடவிருந்த ரண்டர்ஸ் நகர்ப் பக்கத்து அணியும் உட்கார்ந்து பார்த்திருந்தது. எங்கள் மைதானத்தில் அன்றைய முதல் மோதலுக்குக் குனிந்தபோதே எனக்கு முன்னால் நின்ற தடியன் பல்லைக் காட்டி, "இண்டைக்கு நீ மற்றப் பக்கம் படு, தம்பி" என்றான். சொன்னபடி இருவரும் என்னை இடப்பக்கம் சாய்த்துத் தள்ளினார்கள். வலப்பக்கம் கதவு திறந்ததுபோல் கிடந்தது. மறுபடியும் தள்ளினார்கள். மறுபடியும். நான் புல்லைப் பிடித்துப் பார்த்தேன், புல்தான் கையோடு வந்தது.

எங்கள் எல்லைக்கோட்டுக்கு அருகில் பந்துக்காரன் அந்த வழியால் முழு வேகத்தில் வந்தான். அமெரிக்கன் விலகியிருக்கலாம். வலது தோளைக் கொடுத்தான். பந்துக்காரன் பின்பக்கமாகப் பறந்து விழுந்தான், பந்து எங்கோ உருண்டது. மடக்கு நாற்காலிக்காரர்கள் எழுந்து நின்று கத்தினார்கள். அந்தப் பருவத்தில் அப்படி ஓர் அடியை யாரும் பார்த்திருக்கவில்லை.

அமெரிக்கன் எழும்பவில்லை. நான் தவழ்ந்து போனேன்.

"என்ரை கை எங்கை?" என்று கேட்டான்.

அவன் முதுகுக்குக் கீழே மடிந்து கிடந்தது. இழுத்தெடுத்து நெஞ்சின்மேல் வைத்தேன். அதைப் பார்த்தான். அது அசையவில்லை.

பயிற்சியாளர் பகலில் மின்கம்பி வேலை செய்பவர். மறுநாள் வேலை உடுப்போடு, கழகம் அவனுக்குக் கொடுத்திருந்த அறைக்கு வந்தார். நான் அங்கே அவனுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். "ஒரு கைதான் எண்டு முதலே சொல்லியிருந்தா அரைச் சம்பளத்துக்குக் கூப்பிட்டிருப்பன்" என்றார். பிறகு அறைச் சாவியைக் கேட்டார். புது ஆள் வெள்ளிக்கிழமை வருகிறானாம், கட்டில் விரிப்பையும் மாற்ற வேண்டுமாம்.

அமெரிக்கன் கடைசி அடியையும் காணொளியில் சேர்த்தான். தான் கிடப்பது தெரியும் முன் வெட்டினான். அதை இடக்கை விரலால் அனுப்பினான். கனடாவிலிருந்து இரண்டு நாளில் பதில் வந்தது. உடனே வரச் சொன்னார்கள். அந்தக் கடைசி அடிதான் பிடித்திருந்ததாம்.

"கையாலை ஒரு கோப்பை பிடிக்கேலாது. எங்கை போறாய்?" என்றேன்.

"கூப்பிட்டிட்டாங்கள்" என்றான்.

ரயில் நிலையத்தில் அவன் பையை நான்தான் ஏற்றி வைத்தேன். போனபின் ஒரே ஒரு செய்தி அனுப்பினான். முகாமின் வாசலில், வருபவர்களின் உடம்பைச் சோதிக்கும் மருத்துவர் சிரித்துக்கொண்டு, வாழ்த்துச் சொல்ல வலக்கையை நீட்டினாராம். இவன் இடக்கையை நீட்டினானாம். அவர் நீட்டிய கையை இழுத்துக்கொள்ளவில்லையாம். சிரிப்பு நின்ற பிறகும் அப்படியே நீட்டிக்கொண்டு நின்றாராம்.