பெட்டி மட்டும் போன ஊர்

என் அப்பா பனிக்கடலில் மூன்று கப்பல்களை இழந்தவர். பாலைவனத்தில் ஒட்டகம் செத்துப்போய், தண்ணீருக்குத் தவித்தவர். பெயர் வாயில் நுழையாத ஏதோ ஓர் ஆறு எங்கே பிறக்கிறது என்று தேடிப் போய்க் காய்ச்சலில் விழுந்தவர். எல்லாமே வடசேரியில், எங்கள் வீட்டுச் சாய்வு நாற்காலியில் கிடந்தபடி நடந்தவை. சொந்த உடம்போடு போன பயணம் என்று பார்த்தால், ஒருமுறை தக்கலைக்குப் பஸ் ஏறினார். வில்லுக்குறி வருவதற்குள் வாந்தி எடுத்து, இறங்கி, மாட்டுவண்டி பிடித்துத் திரும்பி வந்துவிட்டார்.

கோர்ட்டில் குமாஸ்தா வேலை. தெரிந்த வக்கீலிடம் ஆங்கிலப் புத்தகங்களை இரவல் வாங்கி வருவார். சாயங்காலம் காப்பி குடித்ததும் அம்மாவும் நானும் எதிரே உட்கார வேண்டும். அவர் வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போவார். நடுவில் அம்மா அடுப்பைப் பார்க்க எழுந்தால் கோபம் வந்துவிடும்.

"மனுசன் பனியில காலு வெறச்சுக் கெடக்கான். ஒனக்கு ஒலைதான் பெருசா?"

"அவன் காலு வெறச்சா வெறைக்கட்டும். சோறு கொழைஞ்சா நீங்கதான சத்தம் போடுவிய?" என்று சொல்லிவிட்டு அம்மா போய்விடுவாள்.

ஊர்க்காரர்கள் மேல் அப்பாவுக்குப் பெரிய இளக்காரம். ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டாத ஜென்மங்கள் என்பார். தானும் தாண்டியதில்லை என்பது அவருக்கு ஒரு பொருட்டே அல்ல.

நான் பள்ளிப் படிப்பை முடித்த வருஷம், திருவனந்தபுரத்தில் ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. பெண்களுக்கு விடுதியும் உண்டு. அந்த இடம் எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது. அதை விட்டால் கல்யாணம். வேறு வழி கிடையாது. ஆனால் துருவம் வரை போய்வந்த மனிதர், பஸ்ஸில் காலையில் ஏறினால் மதியத்துக்குள் போய்ச்சேரும் ஊருக்கா தடை சொல்லப் போகிறார் என்று நம்பினேன். தடை சொல்லவுமில்லை. "எம்மவ பயணம் போறா" என்று கோர்ட்டு முழுக்கச் சொல்லி வைத்தார்.

வியாழக்கிழமை காலையிலேயே சேர வேண்டும். அதற்குப் புதன்கிழமை கிளம்ப வேண்டும். புதன்கிழமை வடக்கே சூலம், அந்தப் பக்கம் பயணம் ஆகாது. அப்பா பஞ்சாங்கத்தைக் கையில் எடுத்தார். உங்கள் புத்தகத்துத் துரைமார் யாராவது சூலம் பார்த்தா கிளம்பினார்கள் என்று கேட்டேன். அவர்கள் வெள்ளைக்காரர்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்றார். அவர்களுக்கு ஆனதைத்தான் தினமும் வாசித்துக்கொண்டிருந்தார்.

இதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு மாற்று உண்டு. பரஸ்தானம் என்பார்கள். நல்ல நாளில், நல்ல நேரத்தில் மூட்டையையோ பெட்டியையோ பக்கத்து வீட்டில் கொண்டு வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கியதாகக் கணக்கு. பிறகு ஆள் எந்த நாளில் கிளம்பினாலும் தோஷமில்லை. அப்படியே திங்கள்கிழமை என் டிரங்குப் பெட்டி பக்கத்து வீட்டு மாமியின் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அப்பா முகம் தொங்க வந்தார். கோர்ட்டில் யாரோ, "வயசுப் பிள்ளைய வடக்க தனியா அனுப்புதீராமே, ஓய்?" என்று கேட்டுவிட்டானாம். ஒற்றைக் கேள்வி. புயலுக்கும் பனிப்பாறைக்கும் அசையாதவர் அதற்குக் கவிழ்ந்துபோனார்.

"முன்தயாரிப்பு இல்லாம போனவன் ஒருத்தனும் கரையேறல, மக்கா. அடுத்த வருசம் பாப்போம்" என்றார்.

நான் அழவில்லை. பெட்டியைத் திரும்ப எடுத்துவரக் கிளம்பியவரை அம்மாதான் வாசலில் மறித்துக்கொண்டு நின்றாள்.

"பரஸ்தானம் வச்ச பெட்டி யாத்திரை போவாம திரும்பி வீட்டு நடை ஏறப்பிடாது. குடும்பத்துக்கு ஆவாது. பிள்ளைய அனுப்புங்க."

அப்பாவின் முகம் வெளுத்தது. சாஸ்திரம் என்றால் அவருக்கு அப்படி ஒரு பயம். அம்மா ஜெயித்துவிட்டாள் என்றே நினைத்தேன். காலையில் உடுத்த வேண்டிய சேலையைக் கூட மடித்து வைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை விடிந்ததும் அப்பா பக்கத்து வீட்டுக்குப் போனார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் திருவனந்தபுரம் பஸ்ஸின் மேலே ஏற்றினார். தெரிந்த கண்டக்டரிடம் ஒப்படைத்தார். கையை வீசிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

மறுநாள் சாயங்காலம் கண்டக்டர் பெட்டியோடு வந்து நின்றார்.

"தரையில எறக்கி வச்சீரா?" என்று அப்பா கவலையோடு கேட்டார்.

"வச்சேன் அண்ணாச்சி. திருவனந்தபுரம் சாலைக்கடைத் தெருவுல எறக்கி வச்சுப்போட்டு ஒரு சாயா குடிச்சேன். பொறவுதான் ஏத்தினேன்."

அப்பாவுக்கு நிம்மதி. பெட்டி யாத்திரை போய்விட்டு முறையாகத் திரும்பியிருந்தது. குடும்பத்துக்கு ஒரு குறையும் வராது. அம்மா அவரைப் பார்க்கவே இல்லை. பெட்டியைத் திறந்தேன். செம்மண் தூசி உள்ளே வரை போயிருந்தது. என் சேலைகள் திருவனந்தபுரத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தன.

அப்பா காப்பி குடித்துவிட்டுப் புத்தகத்தைப் பிரித்தார். ஒரு கூட்டம் எங்கோ பனியில் நடந்து நடந்து, போக வேண்டிய இடத்துக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது முடியாமல் திரும்புகிறது. அவர்களில் எவனும் எனக்கு ஒன்றும் ஆக வேண்டியதில்லை. இரண்டு நாளாக அடக்கி வைத்தது அப்போதுதான் உடைந்தது. விம்மி விம்மி அழுதேன்.

அப்பா வாசிப்பதை நிறுத்தினார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. முகமெல்லாம் பூரிப்பு.

"பாத்தியாட்டி," என்று அடுக்களைப் பக்கம் திரும்பி அம்மாவிடம் சொன்னார், "கதை கேட்டா இப்படிக் கேக்கணும். எம்மவளுக்கு என்ன எளகின மனசு!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.