பிழை கையிலா, கெப்பாசிட்டரிலா: வவுனியாவிலிருந்து பிலிமத்தலாவைக்கு

கண்டிக்குப் போகிறவர்கள் தலதா மாளிகைக்கும் பேராதனைப் பூங்காவுக்கும் போவார்கள். நான் போன மாசி நடுப்பகுதியில் போனது பிலிமத்தலாவையில் ஓர் இரும்புக்கடையின் மேல்மாடிக்கு. போலி மின்னணு உதிரிப்பாகங்களைக் கண்டறிவது எப்படி என்று அங்கே சனி, ஞாயிறு இரண்டு நாளும் பயிற்சி நடந்தது. இதைப் பயணக் கட்டுரை என்று சொல்லலாமா என்ற தயக்கத்தில் எழுதாமல் தள்ளிப்போட்டேன். எங்கள் பக்கத்தில் திருத்தவேலை செய்கிறவர்கள் யாராவது போக நினைத்தால் உதவும் என்பதால் இப்போது எழுதுகிறேன்.

போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் தொழில்நுட்பக் கல்லூரியில் படிப்பித்து ஓய்வுபெற்றவன். மனைவி இறந்த பிறகு வீட்டில் தனியாக இருக்கிறேன். எங்கள் ஊரில் ஒரு சிறிய நற்பணிக் குழு, நுரையீரல் நோயாளிகளுக்கு ஒட்சிசன் இயந்திரங்களை இரவல் கொடுக்கிறது. அறைக் காற்றிலிருந்து ஒட்சிசனைப் பிரித்துத் தரும் இயந்திரங்கள். அவை பழுதானால் என்னிடம் ஓட்டோவில் வரும். அவற்றோடு மனிதர்களும் வருவார்கள். அதை நான் வேலையாக நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் வேலை மட்டும் இல்லை.

சென்ற வருடக் கடைசியில் நான் கெப்பாசிட்டர் மாற்றிக் கொடுத்த இரண்டு இயந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. மின்னைத் தேக்கிவைக்கும் அந்தச் சிறு பாகத்தைப் பாடப்புத்தகத்தில் கொள்ளளவி என்று படிப்பித்தேன். கடையில் கெப்பாசிட்டர் என்று கேட்டால்தான் தருவார்கள். இரண்டாவது இயந்திரம் நின்றபோது அந்த நோயாளி வீட்டில் ஒட்சிசன் சிலிண்டர் ஒன்று இருந்தது. அதனால் அந்த அம்மா பிழைத்தார். குழுவின் செயலாளர் தவராசா என் வீட்டுக்கு வந்து, "சேர், கொஞ்ச நாளைக்கு நீங்கள் ஓய்வெடுங்கோ" என்றார். அதன் பிறகு ஓட்டோ வரவில்லை.

கள்ளச் சாமானாக இருக்கலாம் என்று நினைத்தேன். என் கையாகவும் இருக்கலாம். இரண்டு வருடமாகக் கை சற்று நடுங்குகிறது. எது என்று தெரியாமல் இருப்பதுதான் கடினமாக இருந்தது. பயிற்சிக்கு வருகிறவர்கள் சந்தேகமான பாகங்களைக் கொண்டு வரலாம் என்று அறிவித்தலில் போட்டிருந்தார்கள். நின்ற இயந்திரங்களிலிருந்து கழற்றிய இரண்டு கெப்பாசிட்டர்களையும் ஒரு சிறிய டப்பியில் போட்டுக்கொண்டு புறப்பட்டேன்.

வெள்ளி அதிகாலை, யாழ்ப்பாணத்திலிருந்து வரும் கண்டி பஸ்ஸை வவுனியாவில் 5.40க்குப் பிடித்தேன். தூரம் ஏறக்குறைய 180 கிலோமீற்றர். நான் கொடுத்தது 640 ரூபாய். கட்டணம் மாறிக்கொண்டே இருக்கிறது. தம்புள்ளையில் இருபது நிமிடம் நிற்பார்கள், கழிவறை பரவாயில்லை. மாத்தளை தாண்டினால் வளைவுகள் தொடங்கும், வயிறு சரியில்லாதவர்கள் முன் இருக்கையில் இருக்கவும். 10.50க்குக் கண்டி. பக்கத்து இருக்கையில் மூன்று பேர் மாறி மாறி இருந்தார்கள். ஒருவரோடும் நான் பேசவில்லை. அவர்களும் பேசவில்லை.

வாவிக்கு மேலே ஏறும் ஒழுங்கையில் ஒரு விடுதியில் அறை எடுத்தேன். நாளுக்கு 4,000 ரூபாய், காலைச் சாப்பாடு சேராது. உரிமையாளரான சிங்கள அம்மா என் பையையும் பின்னால் இருந்த வெற்றுப் பாதையையும் பார்த்துவிட்டு, "தனியமத?" என்று கேட்டார். தனியாகவா என்பதுதான். மொழிபெயர்க்கத் தேவையில்லாத கேள்வி. "ஓவ்", ஆம், என்றேன். அறையில் இரண்டு கட்டில்களும் இரண்டு கதிரைகளும் இருந்தன. ஒரு கதிரையில் பையை வைத்தேன்.

சனி காலை மணிக்கூட்டுக் கோபுரத்துப் பக்கம் கடுகண்ணாவை பஸ் எடுத்தேன். பிலிமத்தலாவைக்கு 11 கிலோமீற்றர், 80 ரூபாய். பேராதனைப் பாலத்தடி நெரிசலால் நாற்பது நிமிடம் எடுத்தது. எட்டரை மணிக்கு முன் போனால் நல்லது. நான் அரைமணி நேரம் முந்திப் போய், கடை திறக்கும்வரை படியில் நின்றேன்.

வகுப்பில் பதினாறு பேர். கண்டி, கம்பளை, பிலிமத்தலாவைத் திருத்தகங்களில் வேலை செய்கிறவர்கள். நான்தான் எல்லோரையும்விட வயது கூடியவன் என்பதால் கடைசி வரிசையில் போய் இருந்தேன். பயிற்றுநர் மலர்விழிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். ஹந்தானைப் பக்கம் பிறந்து, கட்டுநாயக்க தொழிற்சாலை ஒன்றில் நெடுங்காலம் தரப் பரிசோதகராக இருந்தவர்.

"ஐயா, ஏன் பின்னுக்கு ஒக்காந்திருக்கீங்க? முன்னுக்கு வாங்க. இங்க யாரையும் பெஞ்சு மேல ஏத்த மாட்டேன்" என்றார்.

முன்வரிசையில் எனக்கு இடம் ஒதுக்கியவர் கம்பளையில் திருத்தகம் வைத்திருக்கும் நவ்ஃபர். ஐம்பது வயது, வாய் ஓயாதவர். நான் படிப்பித்தவன் என்று தெரிந்ததும் என்னை மாஸ்டர் ஆக்கிவிட்டார்.

மலர்விழி ஒரே தோற்றமுள்ள இரண்டு கெப்பாசிட்டர்களைக் கையில் தந்தார். ஒன்று சற்றுப் பாரம் குறைவு. அதன் அலுமினியக் கூட்டை வெட்டினார். உள்ளே கடதாசி சுற்றி, இன்னொரு சிறிய கெப்பாசிட்டர்.

"கலியாணச் சீர் மாதிரி" என்றார் நவ்ஃபர். "பெட்டி பெரிசு. உள்ளுக்கு ஒண்டும் இல்ல."

பயிற்சியின் பின்னணி இதுதான். கொழும்பு இறக்குமதியாளர்கள் சிலரும் இந்தப் பயிற்சி நிலையமும் திருத்தகங்களும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்திருக்கிறார்கள். இறக்குமதியாளர்கள் சோதனை மீற்றர்களும் அசல் மாதிரிகளும் தருவார்கள். சேரும் கடைகள் தங்கள் உதிரிப்பாக இழுப்பறைகளை மாதிரிச் சோதனைக்குத் திறந்து காட்ட வேண்டும். கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் வாடிக்கையாளர் முன்னால் குறட்டால் நசுக்க வேண்டும். திருத்தகங்களிலிருந்து செத்த மின்சுற்றுப் பலகைகளைக் கிலோக் கணக்கில் வாங்குகிறவர்கள் அதிலுள்ள பாகங்களைக் கழற்றி, துடைத்து, புது இலக்கம் அச்சடித்து மறுபடி எங்களுக்கே விற்கிறார்களாம்.

"அந்தப் பலகக் காசிலதான் மிஸ் எங்கட தேத்தண்ணி ஓடுற" என்றார் நவ்ஃபர். "இவங்கட ஒரிஜினல் வெலயக் கேட்டா நாங்களே டூப்ளிகேட் ஆகிருவோம்."

வகுப்புக்கு வந்திருந்த இறக்குமதியாளர்களின் பிரதிநிதியும் சிரித்தார். ஆனால் விலைக் கேள்வி இரண்டு நாளும் பதிலில்லாமல் கிடந்தது என்பதையும் எழுத வேண்டும்.

முதல் நாள் முடிவில் மலர்விழி சொன்னார்: "ஒண்ணு சொல்றேன், கோவிக்காதீங்க. டூப்ளிகேட் சாமான் வந்த நாள்லேருந்து நம்ம ரிப்பேர்காரங்க யாரும் தப்பே பண்றதில்ல. எது கெட்டாலும் சாமான்தான் காரணம். நாளைக்கு நீங்க கொண்டாந்ததை வெட்டிப் பார்ப்போம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பைக்குள் இருந்த டப்பியைக் கை தொட்டது.

படியில் இறங்கும்போது நவ்ஃபர், "கம்பளைக்கு வாங்க மாஸ்டர், ஊட்ல சாப்பிட்டுட்டுப் போங்க. ரயில்ல திரும்பிரலாம்" என்றார். கண்டியில் ஒரு வேலை இருக்கிறது என்றேன். ஒரு வேலையும் இருக்கவில்லை. யாராவது அழைத்தால் முதலில் மறுப்பதும் பிறகு வருந்துவதும் என் பழக்கம். வாவியைச் சுற்றி நடந்தேன். முழுச் சுற்று மூன்று கிலோமீற்றருக்குச் சற்று மேல், நிழல் உண்டு, மாலையில் கூட்டம். குடும்பங்கள் மீனுக்குப் பொரி போட்டுக்கொண்டிருந்தன. ஹந்தானை மலையில் முகில் இறங்கியது. இரண்டும் போலியாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். போலிச் சாமானுக்காக ஆசைப்பட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஞாயிறு பத்து மணியளவில் என் முறை வந்தது. முதலாவதை மலர்விழி வெட்டினார். கடதாசியும் சிறிய கெப்பாசிட்டரும் மேசையில் விழுந்தன.

"நான் செல்லல்லயா, கலியாணச் சீர் எண்டு?" என்று நவ்ஃபர் என் முதுகில் தட்டினார்.

இரண்டாவதை வெட்டினார். கூடு முழுக்கச் சுருள் இறுக்கமாக நிறைந்திருந்தது. எழுத்தையும் அடையாளத்தையும் அசல் மாதிரியோடு ஒப்பிட்டார். பிறகு அடிப்பக்கத்தைத் திருப்பி, உருப்பெருக்கியின் கீழ் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். கம்பி வெளிவரும் இடத்தில் ரப்பர் அடைப்பு உருகியிருந்தது.

"இது ஒரிஜினல் ஐயா. யார் ஈயம் வச்சுப் பத்தவச்சது?"

"நான்தான்."

"மூணு செக்கனுக்கு மேல பத்தவைக்கிற அயனை வைக்கக் கூடாது. இதுல ரொம்ப நேரம் வச்சிருக்கீங்க. ஏன்?"

காரணத்தை அந்த நொடியில்தான் நானே அறிந்தேன். முதல் இயந்திரம் நின்றதும் நான் ஈயம் பற்றவைத்த விதத்தைத்தான் சந்தேகித்தேன். ஆகவே இரண்டாவதில் பிழை வரக்கூடாது என்று, நடுங்கும் கையோடு, மேலும் மேலும் சூடு கொடுத்தேன். போலிக் கெப்பாசிட்டர் முதலில் ஒரு பலகையைக் கெடுத்தது. பிறகு என் மீது எனக்கிருந்த நம்பிக்கையைக் கெடுத்து, அதன் வழியாக ஒரு நல்ல கெப்பாசிட்டரையும் கெடுத்தது. இதை அவரிடம் தட்டுத்தடுமாறிச் சொன்னேன்.

அவர் ஆறுதல் சொல்லவில்லை. "அப்ப இனிமே மீற்றரை நம்புங்க. போடுறதுக்கு முன்னாடி அளந்துட்டா கை பயப்படாது" என்று சொல்லிக் குறட்டை நீட்டினார். போலியை நசுக்கினேன். அசலை நசுக்கத் தயங்கினேன். "அதைத்தான் முதல்ல நசுக்கணும்" என்றார். "அதுல இருக்கிற பேர் நெசமான பேர். வேற கையில போனா நல்ல வெலைக்கு விப்பாங்க." இரண்டு கையாலும் அழுத்தினேன்.

தேநீர் நேரத்தில் நவ்ஃபர் காதோடு சொன்னார்: "வவுனியாவில ஆருக்கு மாஸ்டர் தெரியப்போகுது? ரெண்டுமே டூப்ளிகேட் எண்டு செல்லுங்க. நாளைக்கே மெசின் வரும்." கிண்டலாகச் சொல்லவில்லை. என் மீது இரக்கப்பட்டுத்தான் சொன்னார்.

மாலை பஸ் தரிப்பிடத்தில் நின்று தவராசாவுக்கு அழைத்தேன்.

"சொல்லுங்கோ சேர். கள்ளச் சாமான்தானே?"

"ஒண்டு கள்ளம். மற்றது நல்லது தவராசா. அது நான் சூட்டில கெடுத்தது."

ஒரு லொறி போனது. "கேக்குதே?" என்றேன்.

"கேக்குது சேர்."

"பத்தவைக்கிற வேலைக்கு வேற ஆளைப் பாருங்கோ. ஆனா போடுறதுக்கு முதல் சாமானை அளந்து பாக்கிறது என்னால ஏலும். அதுக்குக் கை நடுங்கினாலும் பரவாயில்லை."

"கமிற்றியில ஒருக்காக் கதைச்சிட்டுச் சொல்லுறன் சேர். கவனமா வாங்கோ."

கண்டிக்குத் திரும்பும் பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டு வந்தேன். ஏன் என்று தெரியவில்லை. திங்கள் காலை வவுனியாவுக்குத் திரும்பினேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில சொற்கள். திருத்தகங்களில் வேலை செய்கிறவர்களுக்குப் பயிற்சி இலவசம். என்னைப் போல் தனியாகப் போகிறவர்களுக்கு மதியச் சோற்றுப் பார்சலோடு 2,500 ரூபாய். தமிழில் நடக்கும் நாள்கள் குறைவு, முன்கூட்டியே கேளுங்கள். சந்தேகமான பாகங்களைக் கழற்றிய நிலையிலேயே கொண்டுபோங்கள், துடைக்க வேண்டாம். கண்டியில் பஸ் நிற்கும் இடங்கள் மாறிக்கொண்டிருக்கின்றன, நடத்துநரிடம் கேட்பதுதான் சரி. குடை அவசியம். மூக்குக்கண்ணாடியை மறக்க வேண்டாம். யாராவது கம்பளைக்குச் சாப்பிடக் கூப்பிட்டால் போங்கள்.

இதை எழுதத் தொடங்கியபோது தவராசாவிடமிருந்து பதில் வந்திருக்கவில்லை. இரண்டு கிழமையாயிற்று, இனி வராது என்று எழுதி வைத்திருந்தேன். அந்த வரியை இப்போது எடுத்துவிட்டேன். நேற்று முற்பகல் படலையடியில் ஓட்டோச் சத்தம் கேட்டது. ஓட்டோக்காரர் இறங்காமலே ஒரு பையை நீட்டினார். உள்ளே ஆறு புதுக் கெப்பாசிட்டர்கள். கடிதம் ஒன்றும் இல்லை.

"தவராசா அண்ணை தந்துவிட்டவர் சேர். நல்லதோ கெட்டதோ எண்டு பாத்துத் தரட்டாம். நான் இதிலயே நிக்கிறன்."

ஆறு கெப்பாசிட்டரை அளக்க ஐந்து நிமிடம் போதும். "அரைமணித்தியாலம் ஆகும் தம்பி" என்றேன். "உள்ளுக்கு வாங்கோ. தேத்தண்ணி போடுறன்."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு எஞ்சினை நிறுத்தினார்.