அச்சில் பார்த்த ‘மாட்டேன்’

செல்வி அக்கா வீட்டுக்குள் நுழையும் முன்பே ப்ளீச்சிங் பவுடர் வாடை நுழைந்துவிடும். ராஜபாளையத்தில் காயத்துக்குக் கட்டும் துணி தயாரிக்கும் ஒரு ‘பேண்டேஜ் கம்பெனி’யில், எட்டாவதோடு படிப்பை நிறுத்திய நாளிலிருந்து அவள் துணி சுருட்டிக்கொண்டிருந்தாள். நிறுத்தச் சொன்னபோது அவள் ஒன்றும் பேசவில்லை; எங்கள் வீட்டில் பேசாமல் இருக்கும் பெண்ணைத்தான் ‘நல்ல பிள்ளை’ என்பார்கள். அதில் நான் அவளையும் மிஞ்சியவள்.

பத்தாவது பரீட்சை முடிந்த விடுமுறையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் சித்தி வீட்டில் இருந்தேன். சித்தி நூலகத்திலிருந்து எடுத்து வந்திருந்த ஒரு நாவலைப் பொழுது போகாமல்தான் பிரித்தேன். அதில் தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்யும் விதவை ஒருத்தி, தன்னோடு வந்துவிடும்படி அதட்டுகிற அண்ணனிடம், ‘நான் வரமாட்டேம்ணே, இங்கனயே இருக்கேன்’ என்கிறாள். அழவில்லை, கத்தவில்லை; சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்கிறாள். கதைப் புத்தகத்தில் வருகிறவர்கள் பாடப்புத்தகம் போலத்தான் பேசுவார்கள் என்று நினைத்திருந்த எனக்கு, எங்கள் தெருப் பேச்சு அப்படியே அச்சில் கிடந்தது முதலில் சிரிப்பை வரவழைத்தது. பிறகு அந்தப் பக்கத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன், கடைசியில் வாய்விட்டும் படித்தேன்.

ஊர் திரும்பிய அன்று அப்பா, “கம்பெனியில சொல்லிட்டேன். திங்கக்கெழம அக்காகூடக் கெளம்பு” என்றார்.

“நான் மாட்டேம்ப்பா. பதினொண்ணு படிக்கப் போறேன்.”

எப்படியோ வெளியே வந்துவிட்டது. முதல் வாக்கியம் நாவலில் வந்த அந்த விதவையிடமிருந்து வந்தது, இரண்டாவது என்னுடையது.

அப்பா அம்மாவைப் பார்த்து, “இம்புட்டு நாளும் வாயத் தொறக்காத புள்ளயா இது?” என்றார். பரீட்சை முடிவு வரும்வரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வந்த பிறகு, கோபம் தீராமலே, பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டார்.

அன்று சாயங்காலம் அக்கா என் தலையைப் பின்னிக்கொண்டே, “ஏட்டி, நானும் அன்னைக்கு அப்படிச் சொல்லிருக்கலாமோ?” என்று கேட்டாள். பின்னி முடித்ததும் ரிப்பனை இறுக்கிக் கட்டிவிட்டாள்.

அந்த பேண்டேஜ் கம்பெனி இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. சித்தி வீடு கைமாறிவிட்டது. நாவலின் பெயர்கூட எனக்கு மறந்துபோனது. போன மாதம் அக்கா மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். எல்லோருக்கும் பிடித்துப்போய், அத்தான் தாம்பூலத் தட்டை வாங்கக் கையை நீட்டியபோது, அக்கா எழுந்தாள்.

“செத்த நேரம் பொறுங்க. அவகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வாரேன்.”

கூடம் முழுக்கக் காத்திருந்தது.