அமிர்தம் அக்காவின் பாஸ்போர்ட்

கீழ்வேளூர்ப் பக்கத்து நடவுக் கூலியாள் அமிர்தம் அக்காவுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. கூலிப் போராட்டத்தில் இரண்டு முறை வாரண்ட் வந்தும் பிடிபடாதவர். தன் தெருவுக்கு அவர் போட்டிருந்த சட்டம் ஒன்றே ஒன்றுதான். வெளியாள் எவன் வந்து யார் பெயரைக் கேட்டாலும், "அப்படி யாரும் இங்க இல்லீங்க" என்று சொல்லிவிட வேண்டும்.

எழுபத்து மூன்றாம் வருஷம், இத்தாலியில் நடக்கவிருந்த விவசாயக் கூலிப் பெண்கள் மாநாட்டுக்கு அவரை அழைத்துக் கடிதம் வந்தது. கூலி நெல்லில் அரைப்படி கூடக் கேட்டதற்கு வாங்கிய அடியை அவர் வாயாலேயே உலகம் கேட்க வேண்டும் என்று எனக்கு வெறி. சங்க ஆபீசில் எழுத்து வேலை பார்த்த நான்தான் பாஸ்போர்ட் மனுவை நிரப்பினேன்.

"மச்சத்தை எதுக்குத் தம்பி கேக்குறான்?"

"அடையாளத்துக்குக்கா."

"அதான் எதுக்குங்குறேன்."

கையெழுத்து வாங்க அரை நாள் கெஞ்சினேன்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. போலீஸ் விசாரித்ததில் அந்த முகவரியில் அப்படி ஒருவர் இல்லையாம். பாஸ்போர்ட் இல்லாமல் விசா ஏது? அந்த அடிக்குக் காரணமான மிராசுதார் துரைக்கண்ணுவின் வேலைதான் என்று கொதித்தேன்.

அக்கா மெல்லச் சொன்னார். "போன மாசம் வெள்ளைச் சட்டைக்காரன் ஒருத்தன் வந்து கேட்டான். நான்தான் அப்படி யாரும் இல்லன்னு அனுப்பிவச்சேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். மாநாட்டுக்கு இன்னும் நாற்பது நாள் இருந்தது. மறு விசாரணை கேட்டு எழுதிப் போட்டுவிட்டு, அடுத்து வருபவரிடம் உண்மையைச் சொல்லுங்கள் என்று வீடு வீடாக மன்றாடினேன்.

"உன்னை நம்பித்தான் தம்பி," என்றார் அக்கா, மனசே இல்லாமல்.

பத்தாம் நாள் இன்னொரு வெள்ளைச் சட்டைக்காரர் வந்து அக்காவின் பெயரைச் சொல்லிக் கேட்டார். நானே வாயெல்லாம் பல்லாக வரப்பு வரைக்கும் கூட்டிப் போனேன். சேற்றுக் காலோடு கரையேறிய அக்கா, கேட்காமலே கழுத்து மச்சத்தைக் காட்டினார். வந்தவர் பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். அறுப்பு மறியல் வழக்கில் வாரண்ட்.

"மச்சத்தையும் காட்டிட்டேனே," என்று அக்கா என்னைப் பார்த்தார். எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

மாநாடு தொடங்கிய அன்று அவர் திருச்சி சிறையில் இருந்தார்.

இரண்டாம் போகத் தாளடி நடவு சமயத்தில் விடுதலையாகி வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டு ஓடினேன். வரப்பில் நின்று, "அமிர்தம் அக்கா!" என்று கூப்பிட்டேன். நடவு வரிசையில் குனிந்திருந்தவர் நிமிரவில்லை. அடுத்த நாற்றை ஊன்றியபடியே சொன்னார்.

"அப்படி யாரும் இங்க இல்லீங்க."