என் பெயரைச் சரியாக எழுதிய வங்கி

இன்று மதியம் மலேசியாவின் லாபுவில், எங்கள் தோட்ட ஆபீசில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்த நேரம் பார்த்து வங்கியிலிருந்து ஒரு மின்னஞ்சல்.

"அன்புள்ள குமாரி கலைவாணி, உங்கள் கணக்கு இன்று மாலை முடக்கப்படும். உடனே கீழே உள்ள பொத்தானை அமுக்கி உறுதி செய்யவும்."

வங்கியின் சின்னமும் நிறமும் அச்சு அசலாக இருந்தன. சம்பளம் நேற்றுத்தான் ஏறியிருந்தது. என் விரல் அந்தப் பொத்தான் மேலேயே போய்விட்டது.

பக்கத்து மேசை தேவி அக்கா என்னைவிடப் பதறினார். "சீக்கிரம் அமுக்கிடு லா! இல்லாட்டி சம்பளம் உள்ளயே மாட்டிக்கும்!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அக்கா, இதுல என் பேரு சரியா இருக்கு!"

"அதுல என்னா தப்பு?"

"பதினோரு வருசமா என் பேங்கு என்னை 'மிஸ்டர் முனியாண்டி'ன்னுதான் கூப்பிடுது. அது எங்கப்பா பேரு!"

எத்தனை முறை சொல்லியும் திருத்தாத வங்கிக்கு இன்று மட்டும் எப்படி ஞானம் வந்தது?

அனுப்பியவரின் முகவரியைப் பார்த்தேன். அதில் வங்கியின் பெயரே இல்லை. ஏதேதோ எழுத்தும் எண்ணும்தான். எதையும் அமுக்காமல், என் கார்டின் பின்னால் இருந்த எண்ணுக்கு அழைத்துக் கேட்டேன். போலிதான், அழித்துவிடுங்கள் என்றார்கள்.

"நல்லவேளை, என் பேச்சைக் கேக்கல நீ" என்றார் தேவி அக்கா, என் பொட்டலத்து அப்பளத்தை எடுத்துக்கொண்டே.

போனை வைத்ததும் வங்கியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. "அழைத்தமைக்கு நன்றி, மிஸ்டர் முனியாண்டி."

அந்தப் பெயரைப் படித்து நான் நிம்மதியாக மூச்சு விட்டது இதுவே முதல் தடவை.

தோழிகளே, உங்கள் வங்கியில் நீங்கள் எந்த மிஸ்டர்?