இரண்டு வீட்டுப் பூவாடைக்காரி

என் மகளின் கல்யாணத்தை நிறுத்தப் பார்த்தவள், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே செத்துப்போன ஒருத்தி. உயிரோடிருந்த உறவினர் எல்லோரும் அதுவரை அதிசயமாக ஒத்துப்போயிருந்தார்கள்.

மேனாம்பேட்டில் எங்கள் குடும்பத்தில், பூவும் பொட்டுமாக இறந்தவளைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவோம். நல்ல காரியம் என்றால் முதல் சேலை அவளுக்குத்தான். எங்களுடையவள் கள்ளிக்குப்பம் ஏரிக்கரையில் புல் அறுக்கப் போய்ப் பாம்பு கடித்துச் செத்தவள். அதனால் சேலைக்குப் பக்கத்தில் ஒரு கதிரரிவாளும் வைப்போம். வேறு எந்த வீட்டிலும் இல்லாத வழக்கம் என்று எங்களுக்கு ஒரு பெருமை.

பெண்ணுக்குப் பூ வைக்க வந்த வேப்பம்பட்டுச் சம்பந்தி, சாமி படத்துக்குக் கீழே சேலையோடு இருந்த அரிவாளைப் பார்த்தார். "அட, எங்க ஊட்லயும் அருவா வெப்போமே! கள்ளிக்குப்பம் ஏரில பாம்பு கடிச்சிப் பூட்ச்சே, அதுக்கு."

என் அக்கா காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். அவர்கள் போனதும் ஆரம்பித்தாள்.

"இன்னாடா இது? ரெண்டு ஊட்டுக்கும் ஒரே பூவாடைக்காரின்னா பங்காளிங்கடா. அண்ணன் தங்கச்சிக்கா தாலி கட்டி வெக்கப் போற?"

"விசாரிக்கலாம்க்கா."

"விசாரி. அது வரிக்கும் பத்திரிகை அடிக்காதே."

மகள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "ஊருக்கெல்லாம் ரெக்கார்டு தேடிக் குடுத்தீங்கல்லப்பா? எனக்கும் தேடுங்க" என்றாள். அழுதிருந்தால் சமாளித்திருப்பேன்.

பதிவுத்துறையிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்த மனு எந்த மேசையில் உறங்கும் என்பது எனக்கு அத்துப்படி. முறைப்படி மனுப்போட்டேன். உரிய கட்டணம் கட்டினேன். நான் சொல்லிக்கொடுத்த பதிலையே என் பழைய அலுவலகம் எனக்குச் சொன்னது: "அடுத்த வாரம் வாங்க சார்." கடைசியில் கிடைத்த பழைய பத்திரங்களில் இன்னார் மகன் இன்னார் என்று ஆண்கள் வரிசையாக நின்றார்கள். கிழக்கு எல்லையாக ஒரு பனைமரம்கூட முறையாகப் பதிவாகியிருந்தது. அவள் எங்கும் இல்லை.

ஆடி வந்தது. வேப்பம்பட்டில் படையலுக்கு அழைத்தார்கள். அக்கா வேவு பார்க்கவே வந்தாள்.

சேலை, அரிவாள், இலை எல்லாம் எங்கள் வீட்டைப் போலவே இருந்தன. கற்பூரம் காட்டியதும் நான் பழக்கத்தில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். நிமிர்ந்து பார்த்தால் விழுந்தவன் நான் ஒருவன்தான். என்னைவிட மூத்தவரான சம்பந்தியின் பெரியப்பா, நின்றபடியே சேலைமேல் அட்சதை போட்டு, "நல்லா இரும்மா" என்றார்.

"நீங்க விழுந்து கும்பிட மாட்டீங்களா?" என்றேன்.

"எங்க ஊட்ல அந்த வயக்கமே கெடியாது நைனா. பெரியவங்க ஆசீர்வாதந்தான் பண்ணுவோம். ஏன்னு எவனுக்குத் தெரியும்?"

எனக்குத் தெரிந்துவிட்டது. நாங்கள் விழுகிறோம், ஏனென்றால் எங்களுக்கு அவள் தாய். இவர்கள் வாழ்த்துகிறார்கள் என்றால், இது அவள் பிறந்த வீடு. பெற்ற பெண்ணின் காலில் யார் விழுவார்கள்? இங்கே பிறந்து மேனாம்பேட்டுக்கு வாழ வந்திருக்கிறாள். அப்படியானால் நாங்கள் பங்காளிகள் இல்லை, மாமன் மச்சான்.

அக்காவிடம் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"அப்போ இவங்க அவளுக்குத் தாய் ஊடு. சேலைய இங்கயே வெச்சிப் படைச்சிக்கினா எப்படி? பொண்ணு வாழற ஊட்டுக்கு இல்ல எட்த்துகினு வரணும்?"

பத்திரிகை அடித்தோம். கல்யாணத்துக்கு முந்தின படையலுக்கு வேப்பம்பட்டிலிருந்து தாம்பாளத்தில் சேலை வந்தது. அக்கா மடிப்பை விரித்துப் பார்த்தாள்.

"பச்சையா? அவளுக்குப் பச்சை புடிக்காதே!"

இத்தனை தேடியும் என்னால் அவள் பெயரைக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை.